வண்டர்ன் போன ஞாயிற்றுக்கிழமை

எங்கட மனுசனுக்கு அப்ப டொச் பாஷையில வடிவாத் தெரிஞ்ச சொல்லு, ஓம் எண்டுறதுக்கு உள்ள "யா" ஒண்டுதான். அகதியளா வந்த எங்களைக் கொண்டுபோய் ஜேர்மனியில ஒரு மலைக்காட்டு ஓரத்தில, பழைய விடுதி ஒண்டின்ர மேல்மாடியில விட்டிருந்தவை. ஆர் என்ன கேட்டாலும் இவர் சிரிச்சுத் தலையாட்டி "யா, யா" எண்டுவார். விளங்கேல்லை எண்டு சொல்ல வெக்கம். அந்த வெக்கத்தாலதான் எனக்கு உந்த வண்டர்ன் வந்து வாய்ச்சது.

வண்டர்ன் எண்டால், ஒரு அலுவலும் இல்லாமல் மலையேறி நடந்து களைச்சுப்போய் வாறதுக்கு இந்தச் சனம் வைச்சிருக்கிற பேர். விடுதிக்காரியின்ர தமையனுக்குப் பக்கத்துத் தேசியப் பூங்காவில வேலை. ஞாயிற்றுக்கிழமை வண்டர்ன் கூட்டிக்கொண்டு போய் ஸ்னோவுக்குள்ள மான் காட்டுறன், வாறியளோ எண்டு கேட்டிருக்கிறார். இவர் "யா" எண்டிட்டு வந்து நிக்கிறார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அண்டைக்குப் பின்னேரம் மூண்டு மணிக்கு அம்மா போன் எடுக்கிறதா இருந்தது.

என்ர தம்பியை ஆமி ஒரு சுற்றிவளைப்பில பிடிச்சுக்கொண்டு போய் மாசக்கணக்காச்சு. அம்மா கொழும்பில ஒரு சொந்தக்காரர் வீட்டில நிண்டு, அவனை வெளியில எடுக்கிறதுக்கு அலைஞ்சு திரிஞ்சவ. "ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்கிறன் பிள்ளை. நல்லதோ கெட்டதோ, அண்டைக்குச் சொல்லுவன்" எண்டு போனமுறை சொல்லியிருந்தா. போன் இருந்தது கீழ, விடுதிக்காரியின்ர குசினி வாசல்ல. எங்களுக்கு வேற நம்பர் இல்லை. அவவின்ர தமையனுக்கு மாட்டன் எண்டு என்னெண்டு சொல்லுறது? மத்தியானத்துக்குள்ள வந்திடலாம், அந்தாளிட்டைக் கேட்டனான் எண்டு இவர் சத்தியம் பண்ணினார். கேட்டது அந்தாள், யா சொன்னது இவர் எண்டது பேந்துதான் விளங்கினது.

விடியப் போனால், அந்தாள் காலில கட்டச் சொல்லி ஒரு சாமானைத் தந்தார். மரச்சட்டத்துக்குள்ள வார் பின்னினது, அசல் சுளகு. அதைக் கட்டினால் ஸ்னோவில புதையமாட்டமாம். புதையேல்லைத்தான், ஆனா ஒரு சுளகை மற்றச் சுளகால மிதிச்சு நான் முகங்குப்புற விழுந்துகொண்டே போனன். இவர் ஒவ்வொரு முறையும் தூக்கிவிட்டு, கவனமா நடவுமப்பா எண்டார். கவனத்தைப் பற்றிக் கதைக்கிற ஆளைப் பார்!

விடுதிக்காரியின்ர தமையனோ பத்தடிக்கு ஒருக்கால் நிண்டு குனிஞ்சிடும். இது நரியின்ர தடம், இது முயலின்ர. ஓரிடத்தில என்ர உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூனைக் காலடி. இஞ்ச இருக்கிற பெரிய காட்டுப்பூனையாம், அது ராத்திரி இந்த வழியால போனதாம், இன்ன பக்கம் திரும்பினதாம். முழங்காலில நிண்டு, தொட்டுத் தொட்டு எல்லாத்தையும் கைப்பாஷையிலயே காட்டினார். எனக்கு அழுகையும் கோபமும் ஒண்டாய் வந்தது. ஒரு பூனை எங்க போனது எண்டு அந்தாளுக்குத் தெரியுது. என்ர தம்பி எங்க எண்டு சொல்ல ஒரு நாய் இல்லை.

மத்தியானம் போச்சு. பாண் துண்டும் சூடான தேத்தண்ணியும் தந்திட்டு அந்தாள் இன்னும் மேல ஏத்தினார். மேல மரத்தால அடிச்ச ஒரு பரண். அதுக்குக் கீழ, குளிர்காலத்தில மானுகளுக்கு எண்டு வைக்கோல் போட்டு வைச்சிருந்தவை. இருங்கோ, மூச்சுக் காட்டக்கூடாது, வெளிச்சம் குறையத்தான் அதுகள் வரும் எண்டு கையால காட்டினார். நான் இவரின்ர கையை இழுத்து மணிக்கூட்டைப் பாத்தன். மூண்டு தாண்டப் போகுது. போவமெண்டு சொல்லுங்கோ எண்டு இவரின்ர காதுக்குள்ள சொன்னன். இவர் அந்தாளைப் பாத்தார். அந்தாள் விரலை வாயில வைச்சுத் தலையாட்டினார். இவரும் தலையாட்டினார்.

ஒண்டு சொல்லோணும், மானுகள் வந்துதுகள். மரங்களுக்குள்ளால சத்தமில்லாமல், பெரிய கொம்போட முதல் ஒண்டு, பின்னால ஒரு கூட்டம். நல்ல வடிவு, நான் இல்லையெண்ணேல்லை. ஆனா என்ர கண்ணுக்குள்ள அந்தக் குசினி வாசல் போன்தான் அடிச்சுக்கொண்டு நிண்டது. எழும்பி நிண்டு, காடு கேக்க, "அம்மா எடுப்பா, நான் போறன்!" எண்டு கத்திப்போட்டன். ஒரு மானும் மிச்சமில்லை. அந்தாள் திகைச்சுப்போய்ப் பாத்தார். "டெலிபோன், முட்டர்" எண்டு, போனுக்கும் அம்மாவுக்கும் டொச்சில தெரிஞ்ச ரெண்டு சொல்லையும் சொன்னன். அந்தாள் சாமானைத் தூக்கிக்கொண்டு குறுக்குவழியால முன்னுக்கு நடந்தார்.

வந்து சேர இருட்டிப்போச்சு. வழி முழுக்க இவரை நான் பேசின பேச்சை இப்ப எழுத ஏலாது. விடுதிக்காரி வாசல்லயே நிண்டவ. அவ எங்களோட கொஞ்ச இங்கிலீசும் கைப்பாஷையுமாத்தான் கதைக்கிறவ. போன் வந்ததாம். உங்கட அம்மா எவ்வளவு நல்லா டொச் கதைக்கிறா எண்டு சிரிச்சா. என்ர அம்மாவும் டொச்சும்! இந்த மனுசிக்கும் என்னோட பகிடியோ எண்டு வந்த விசரில, சப்பாத்துக்கூடக் கழட்டாமல் அவவின்ர முன்னால போய் நிண்டன். பொய்யில்லை எண்டா அவ. ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டவவாம்.

"என்ன கேட்டவ?"

"வண்டர்ட் டான். அதெண்டால், அப்ப வண்டர்ன் போட்டினமோ எண்டுதானே. வண்டர்ட் டான், வண்டர்ட் டான் எண்டு அழுறா, சிரிக்கிறா, திரும்ப அதையே கேக்கிறா. நானும் யா, யா எண்டு சொன்னன்."

எனக்கு ஒண்டும் ஓடேல்லை. எங்கட மனுசன்தான் கதவு நிலையைப் பிடிச்சுக்கொண்டு அந்தச் சொல்லை வாய்க்குள்ள ரெண்டு மூண்டு தரம் சொல்லிப் பாத்தார். பேந்து என்னைப் பாத்தார்.

"வந்திட்டானப்பா," எண்டார். "வந்திட்டான்."

நான் அந்த ஈரச் சப்பாத்தோட அப்பிடியே நிலத்தில இருந்திட்டன். விடுதிக்காரி பயந்துபோய் எனக்குப் பக்கத்தில குந்தி, தான் அம்மாவுக்குச் சொன்ன மறுமொழி பிழையோ எண்டு கேட்டா. எனக்கு எந்தப் பாஷையும் வரேல்லை. அவவின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு "யா, யா" எண்டு தலையாட்டினன்.