ஐந்தாவது பாகினா

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் போன் அடித்தால் என்ன நினைப்பீர்கள்? ஊரில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது... அதைத்தானே? நானும் அப்படித்தான் பதறிக்கொண்டு எடுத்தேன்.

“ஒரு சுமங்கலி குறையறாங்க ரீ!”

சசிகலா. ஹவுன்ஸ்லோவில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. ஷிமோகாவில் பிறந்து, பெங்களூரில் தமிழர்கள் நடுவில் வளர்ந்தவள். தமிழ் சரளமாக வரும். வாக்கியத்தின் கடைசியில் கன்னட மரியாதையாக ஒரு ‘ரீ’ மட்டும் வந்து ஒட்டிக்கொள்ளும்.

இவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சமையலறைச் சுவரில் ஊரிலிருந்து வரவழைத்த கன்னடக் காலண்டர் தொங்குகிறது. யுகாதி, பீமன அமாவாசை, வரமகாலட்சுமி, மாதம் இரண்டு ஏகாதசி — எல்லாவற்றுக்கும் பக்கத்தில் பென்சிலால் லண்டன் நேரம் எழுதியிருப்பாள். கோடைக்காலம் என்றால் நாலரை மணி நேரம் கழிக்க வேண்டும், குளிர்காலத்தில் ஐந்தரை. சில மாதங்களில் இந்தக் கழித்தலில் விரதமே ஒரு நாள் முன்னால் நகர்ந்துவிடும். “ஊரில் எல்லாரும் செய்கிற நாளில் செய்துவிட்டுப் போயேன்” என்று ஒருமுறை சொன்னேன்.

“சூரியன் அங்க உதிச்சா எனக்கென்ன ரீ? எனக்கு இந்த ஜன்னல்ல உதிக்கணும்!”

ஏகாதசியன்று தண்ணீர்கூடக் குடிக்காமல் முழுநாள் வேலை பார்த்துவிட்டு வருகிறவளிடம் என்ன வாதாடுவது?

அன்று கௌரி ஹப்பா, அதாவது கௌரிப் பண்டிகை. பிள்ளையார் சதுர்த்திக்கு முதல் நாள். கௌரி கைலாசத்திலிருந்து பிறந்த வீட்டுக்கு வருகிறாள்; மறுநாள் மகன் கணேசன் வந்து அழைத்துப் போகிறான் — கர்நாடகத்தில் அப்படித்தான் கொண்டாடுகிறார்கள். பூஜை முடிந்ததும் சுமங்கலிகளுக்குப் ‘பாகினா’ கொடுக்க வேண்டும். ஒரு மூங்கில் முறத்தில் அரிசி, பருப்பு, வெல்லம், தேங்காய், மஞ்சள், குங்குமம், வளையல், சீப்பு, ரவிக்கைத் துணி. மேலே இன்னொரு முறம் மூடி. லண்டனில் முறத்துக்கு எங்கே போவது? போன வருடம் ஊருக்குப் போனபோதே பத்து முறங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு வந்துவிட்டாள், மகராசி.

அவள் வீட்டில் ஐந்து பேருக்குக் கொடுப்பது வழக்கம். நான் ஒருத்தி. ஐந்தாவது ஆளுக்கு முந்தின நாள் காய்ச்சல். இந்தக் கோடையில் காய்ச்சல் என்றாலே பன்றிக் காய்ச்சல் பயம்தானே... வெளியே கிளம்பாதே என்று டாக்டர் போனிலேயே சொல்லிவிட்டாராம்.

“பதினொண்ணு இருபதுக்குத் திதி முடியுது ரீ. அதுக்குள்ள யாரையாவது புடிச்சுக் கொடுங்க!”

பிடித்துக் கொடுத்தேன். அங்கேதான் வந்தது வினை.

விமான நிலையத்தில் நான் வேலை பார்க்கும் கடையில் சுகந்தி என்று ஒரு பெண் இருக்கிறாள். யாழ்ப்பாணத்துக்காரி. அண்ணன் குடும்பத்தோடு சில வருடம் பாரிஸில் இருந்துவிட்டு, அவர்களோடேயே இங்கு வந்தவள். வீடு பத்து நிமிட நடை. அன்று அவளுக்கு மத்தியான ஷிப்ட் என்பதும் எனக்குத் தெரியும்.

“பக்கத்து வீட்டில் ஒரு பூஜை. சும்மா வந்து வெற்றிலை பாக்கு வாங்கிட்டுப் போனால் போதும்” என்றேன்.

“ஓம் அக்கா, வாறன். பன்னிரண்டுக்கு முதல் வெளிக்கிட ஏலும்தானே?”

வந்தாள். மெரூன் நிறச் சுடிதார், நெற்றியில் வட்டமாகக் குங்குமம்.

சசிகலாவின் சாப்பாட்டு மேஜைதான் மண்டபம். மஞ்சளில் பிடித்த கௌரி, அவளுக்கு ஒரு குட்டிப் பட்டுப்பாவாடை. கூரையில் இருந்த புகை அலாரத்தின் வாயை ஷவர் கேப்பால் கட்டியிருந்தாள். பூஜை முடிந்து எல்லாரும் கம்பளத்தில் உட்கார்ந்தோம். வந்தவர்களில் பெரியவர் கமலம்மா — சசிகலாவின் கணவருக்கு அத்தை, விம்பிள்டனிலிருந்து முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டவர். தமிழ் நன்றாகப் புரியும். பேசினால் பாதி கன்னடமாக வரும். ஒவ்வொருவராக விசாரித்தார்.

“நிம்ம யஜமானரு என்ன வேலை?”

உன் வீட்டுக்காரருக்கு என்ன வேலை என்று அர்த்தம். ஒருத்தி ஐ.டி. என்றாள். இன்னொருத்தி பேங்க் என்றாள். “என்னுடையவர் மார்ச்சிலிருந்து வேலை தேடும் வேலையில் இருக்கிறார்” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். இந்த வருடம் லண்டனில் யார் வீட்டில்தான் அந்தக் கதை இல்லை?

அடுத்தது சுகந்தி.

“அவர் வன்னியில. கூட்டுறவுச் சங்கக்கடையில மனேஜரா இருந்தவர். மாசியில கடைசியாக் கதைச்சவர். பிறகு ஒரு தகவலும் இல்லை.”

சிரிப்பு நின்றது.

எனக்கு இது தெரியாதா? தெரியும். பிரேக் நேரத்தில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். ஈழத்தில் சண்டை முடிந்து மூன்று மாதமாக, முகாம்களில் இருப்பவர்களின் பெயர்களை யார் யாரிடமோ வாங்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அத்தனையும் தெரிந்த எனக்கு, காலை ஆறு மணிக்கு ஞாபகம் வந்தது அவள் குங்குமமும் மத்தியான ஷிப்டும்தான். என்ன பூஜை என்றுகூட அவளிடம் சொல்லவில்லை. என்னைப் போல ஒரு மடச்சி உண்டா?

கமலம்மா குனிந்து சசிகலாவிடம் கன்னடத்தில் ஏதோ கேட்டார். கெட்ட எண்ணம் இல்லை, தயக்கம்தான். ஆனால் சில கேள்விகள் எந்த மொழியில் கேட்டாலும் புரிந்துவிடுகின்றன. சுகந்தி மேஜையில் இருந்த வளையல்களையும் குங்குமத்தையும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“அக்கா, இது புருசன் இருக்கிறவைக்குக் குடுக்கிற சாமானோ?”

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். இரண்டும் நடக்கவில்லை. கமலம்மா பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“அம்மா, என்ர மனுசன் இல்லையெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. ஒரு கடிதமும் வரேல்லை. அவர் வருவார் எண்டுதான் நான் பொட்டு வைக்கிறன். பாவம் பாத்து எனக்கு ஒண்டும் தர வேண்டாம். அவற்ற பெண்சாதி எண்டு தாறதெண்டாத் தாங்கோ. வாங்குவன்.”

கமலம்மா சசிகலாவைப் பார்த்தார்.

நானும் பார்த்தேன். ஒரு நிமிடம் பிசகினால்கூட ஒத்துக்கொள்ளாத பெண். சாஸ்திரம் பேசப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

“அத்தே,” என்றாள். “கௌரி இன்னைக்குத் தாய் வீட்டுக்கு வந்திருக்கா. தனியாத்தான் வந்திருக்கா. வாசல்ல நிறுத்தி, உன் புருஷன் எங்கேன்னு கேட்டுட்டா உள்ள விட்டோம்?”

கமலம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தட்டில் இருந்த பதினாறு முடிச்சுப் போட்ட மஞ்சள் கயிற்றை எடுத்து, சுகந்தியின் வலது மணிக்கட்டில் கட்டினார். கட்டிவிட்டு, கையை விடாமலே கேட்டார்.

“ஹெசரு ஹேளம்மா.”

பெயர் சொல்லம்மா. அவர்கள் வீட்டு வழக்கமாம் — பாகினா வாங்குகிறவள் கணவன் பெயரைச் சொல்ல வேண்டும். மற்ற நாள்களில் ‘இவங்க’, ‘அவங்க’ என்று சமாளிக்கிற பெண்கள்கூட அன்று தப்பிக்க முடியாது.

சுகந்தியின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

“ஜோராகி ஹேளு,” என்றார் கமலம்மா. சத்தமாகச் சொல்.

“நல்லதம்பி ஜெயசீலன்!”

தகப்பன் பெயரையும் சேர்த்து, படிவங்களில் எழுதி எழுதிப் பழகிய முழுப் பெயர். தெருவரைக்கும் கேட்டிருக்கும். ‘இருந்தவர்’ ஒருவரின் பெயராக அது ஒலிக்கவில்லை, நண்பர்களே. வாசலில் நிற்கிற ஆளைக் கூப்பிடுகிற மாதிரி ஒலித்தது.

சசிகலா முந்தானையால் முறத்தை மூடிப் பிடித்து நீட்டினாள். ஐந்தாவதாக வந்தவளுக்கு முதல் பாகினா. அப்போது மணி பதினொன்று ஐந்து. அடுத்து என் முறை. வேலை தேடும் மனிதரின் பெயரை நானும் சத்தமாகவே சொன்னேன்.

ஷிப்டுக்குக் கிளம்பியவளோடு பஸ் ஸ்டாப் வரை நடந்தேன். பாகினாவைப் பெரிய சூப்பர்மார்க்கெட் பையில் வைத்து நெஞ்சோடு பிடித்திருந்தாள்.

“மன்னிச்சிடு சுகந்தி. நான் யோசிக்காமல் கூப்பிட்டுட்டேன்.”

“யோசிச்சிருந்தா நீங்கள் என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டியள், அக்கா.”

நடுத்தெருவில் நின்றுவிட்டேன். உண்மைதானே? ‘பாவம், மனசு நோகும்’ என்று நாமே தீர்மானித்து, எத்தனை பேரை எத்தனை விசேஷங்களுக்குக் கூப்பிடாமல் விட்டிருக்கிறோம்? அதற்கு நாகரிகம் என்று பெயர் வேறு வைத்திருக்கிறோம்.

பஸ் வரும்வரை அவள் வீட்டு விஷயம் ஒன்றைச் சொன்னாள். அக்டோபரில் அண்ணன் மகளுக்குச் சாமத்திய வீடு — பூப்புனித விழா. ஆலாத்தி, நம் ஊர் ஆரத்தி, எடுக்கப் போகும் சுமங்கலிப் பெண்களின் பெயர்களை மச்சாள், அதாவது அண்ணி, எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறாராம். பாரிஸில் அந்தப் பிள்ளைக்குத் தலை வாரி, பள்ளிக்கூடம் கூட்டிப் போனவள் சுகந்தி. அவள் பெயர் மட்டும் இல்லை. மச்சாள் காரணம் சொல்லவில்லை. இவளும் கேட்கவில்லை.

“நல்ல மனுசி அக்கா. என்னை நோகடிக்கக் கூடாதெண்டுதான் விட்டிருப்பா.”

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை பிரேக்கில் சந்தித்தோம். ஜெயசீலனைப் பற்றித் தகவல் இல்லை. காணாமல் போனவர்களைத் தேடித் தருகிற இன்னொரு இடத்துக்கு அன்று காலைதான் புதிதாகப் படிவம் அனுப்பியிருந்தாள்.

“அந்த ஆலாத்தி விஷயம்... மச்சாள்கிட்ட கேட்டியா?”

“கேக்கேல்லை அக்கா.”

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அவள் டீயை ஒரு வாய் குடித்தாள்.

“பேனையை எடுத்து என்ர பேரை நானே எழுதிப்போட்டன்.”

இந்தப் பத்தியை எழுதும் வரை அந்தப் பெயரை யாரும் அடிக்கவில்லையாம். அடித்துத்தான் பார்க்கட்டுமே!