குப்புறப் படுத்திருந்தவருக்கு ஒரு நேர்முக வர்ணனை

எனக்கு நாற்பத்தாறு வயது. தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரி சாலைப் பக்கம் ஒரு மாடி வீட்டில் வாடகைக்குத் தனியாக இருக்கிறேன். பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் பாடம் எடுக்கிறேன். கல்யாணம் ஆகவில்லை. அதற்குக் காரணம் கிரிக்கெட் இல்லை. ஆனால் பெண் பார்க்க வந்த ஒருவர் தனக்குப் பிடித்த பந்துவீச்சாளரைப் பற்றிச் சொன்னபோது, அந்த ஆள் பந்தை வீசவில்லை, கையை மடக்கி எறிகிறான் என்று நான் சொன்னது உண்மை.

கல்லூரி ஓய்வறையில் திங்கட்கிழமை காலையென்றால் ஆண்கள் மேட்ச் பேசுவார்கள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும் பேச்சு தேங்காய் விலைக்குப் போய்விடும். பாதிப் பேருக்குத் தோப்பு இருக்கிறது. ஒருநாள் பொறுக்கமுடியாமல் குறுக்கிட்டேன். முந்தின நாள் நடுவர் கொடுக்காத ஒரு எல்.பி.டபிள்யூ. அநியாயம் என்று ஒருவர் வாதாடிக்கொண்டிருந்தார்.

"பந்து லெக் ஸ்டம்புக்கு வெளிய குத்துச்சு சார். அப்புறம் எப்படிக் குடுப்பாங்க?" என்றேன்.

அவர் சிரித்தார். "பரவால்லையே மேடம், நீங்களும் பாக்குறீங்களா? யாரு ஃபேவரிட், அந்தத் தாடி வச்ச பையனா?"

"எனக்குத் தாடி முக்கியமில்ல சார். பந்து எங்க குத்துச்சுங்கிறதுதான் முக்கியம்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அதன்பிறகு, பாதி ஆட்டத்தில் ஒரு ஆளை எடுத்துவிட்டு இன்னொரு ஆளை இறக்கும் புது விதியைப் பற்றி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் நீளமாக ஒன்று எழுதிப் போட்டேன். பந்தியில் சோற்றுக்கு வராமல் பாயசத்துக்கு மட்டும் வந்து உட்காருகிறவனைப் போல அந்தப் பன்னிரண்டாவது ஆள் என்று எழுதியிருந்தேன். ஒரே ஒரு கட்டைவிரல் வந்தது. அடுத்து ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம் வந்தது. அதோடு எழுதுவதை விட்டேன்.

கீழே வீட்டுக்காரரும் அவர் மனைவியும் இருந்தார்கள். அவர் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாடகை, தண்ணீர் மோட்டார் இந்த இரண்டைத் தவிர நாங்கள் எதுவும் பேசியதில்லை. ஆனால் அவர் மேட்ச் பார்க்கிறவர் என்பது எனக்குத் தெரியும். என் செல்போனில் படம் அரை நிமிடம் பிந்தித்தான் வரும். அதற்குள் கீழே அவருடைய கைதட்டல் கேட்டுவிடும். யார் அவுட் என்பது மட்டும்தான் எனக்கு மிச்சமிருக்கும்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு ஏப்ரல் மாதம், கைதட்டல் நாலைந்து நாளாகக் கேட்கவில்லை. விக்கெட்டுகள் முன்னறிவிப்பு இல்லாமல் விழுந்தன. சர்க்கரையால் அவருக்கு விழித்திரை பிரிந்து, திருச்சிக்கு அழைத்துப்போய் ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்காரம்மா மாடி ஏறி வந்தார்.

"கண்ணுக்குள்ள கேஸ் வச்சிருக்காங்களாம்மா. பத்துப் பன்னெண்டு நாளைக்குக் குப்புறத்தான் படுக்கணுமாம். டிவிய போட்டு விட்டா, என்ன ஆச்சு என்ன ஆச்சுன்னு என்னையப் போட்டு உலுக்குறாரு."

"டிவியிலயே தமிழ்ல சொல்லுவாங்களேக்கா?"

"அவங்க எங்க ஆட்டத்தச் சொல்றாங்க? யாரோ பிரியாணி சாப்ட்ட கதைய சொல்றாங்க. நான் சொன்னா திட்டுறாரு. ஒருத்தன் ஓடுனான், எதுக்க இருந்தவனும் ஓடுனான்னு சொன்னேன். அதுல என்ன தப்பு?"

தப்பில்லைதான். அவர் சொன்னதை அப்படியே ஒரு ரன் என்று எழுதிக்கொள்ளலாம்.

கீழே போனேன். கட்டிலின் விளிம்புக்கு வெளியே தலையை நீட்டி, ஒரு ஸ்டூலில் தலையணை வைத்து, அதில் நெற்றியை ஊன்றிப் படுத்திருந்தார் வீட்டுக்காரர். முதுகும் பின்னந்தலையும்தான் தெரிந்தன.

"டீச்சருங்களா?" என்று தரையைப் பார்த்துக் கேட்டார்.

"ஆமா சார்."

"கவர்னா எங்க, பாயின்ட்னா எங்கன்னு தெரியுங்களா?"

"ஆடுறது வலது கையா, இடது கையா சார்?"

தலையணையில் நெற்றியைக் கொஞ்சம் நகர்த்தி ஊன்றிக்கொண்டார். பிறகு, "உக்காருங்க," என்றார்.

டிவியின் சத்தத்தைச் சுத்தமாகக் குறைக்கச் சொன்னார். நான் ஆரம்பித்தேன். முதலில் கூச்சமாக இருந்தது. மூன்றாவது ஓவருக்குள், வகுப்பெடுக்கும் குரல் வந்துவிட்டது. "ஓடி வர்றான். அளவு கம்மி. பின்னங்கால்ல போயி வெட்டுறான். பாயின்ட்டுக்கு நேரா. ரன் இல்ல."

"ஃபீல்டு எப்படி நிக்குது டீச்சர்?"

அந்தக் கேள்வியை என்னிடம் அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. ஒன்பது பேரையும் ஒவ்வொருவராகச் சொன்னேன். ஃபைன் லெக்கில் நின்றவன் சட்டையின் பின்புறம் சிமெண்ட் விளம்பரம் இருந்ததையும் சேர்த்துச் சொன்னேன்.

அன்றிலிருந்து தினமும் போனேன். கல்லூரியிலிருந்து திரும்பும் பஸ் ஆறே முக்காலுக்கு என்னை இறக்கிவிடும். முகம் கழுவிக்கொண்டு ஏழரைக்குக் கீழே உட்கார்ந்துவிடுவேன். முதல் அணி ஆடி முடிந்ததும் வீட்டுக்காரம்மா டிவியை அணைத்துவிடுவார். வீட்டுக்காரர் நேரத்தோடு தூங்கவேண்டும் என்பது டாக்டர் சொன்னது. முடிவை மறுநாள் காலையில் பஸ்ஸுக்குப் போகும்போது ஜன்னலில் நின்று சொல்லிவிட்டுப் போவேன்.

அவர் சென்னை அணிக்காரர். நான் எந்த அணியும் இல்லை. நான் பந்துவீச்சாளர்களின் கட்சி. என் அம்மா நடவுக்குப் போய் எங்களைப் படிக்கவைத்தவர். குனிந்து வேலை செய்கிறவர்கள் பக்கம் நிற்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. இந்தக் காலத்துக் கிரிக்கெட்டில் பந்து போடுகிறவன் அரை அங்குலம் காலை முன்னே வைத்துவிட்டால் அபராதம், அதற்கு மேல் ஒரு இலவச அடி. அடிக்கிறவனோ மூன்று ஸ்டம்பையும் விட்டு ஊர்வலம் போகலாம், கேட்பாரில்லை. எல்லைக்கோட்டை வேறு வருடா வருடம் உள்ளே இழுக்கிறார்கள். அடிக்கிற சிக்ஸருக்குத் தொண்ணூற்றெட்டு மீட்டர் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். டேப் பிடித்தவனை நான் இதுவரை பார்த்ததில்லை.

இதையெல்லாம் ஓவருக்கு ஓவர் நடுவில் சொன்னேன். அவர் ஸ்டூலைப் பார்த்தபடி பதில் சொன்னார்.

"ஏலம் எடுக்குறது மட்டும் எனக்குப் புடிக்கல டீச்சர். மனுசனப் போயி ஏலம் விடுறாங்க."

"மாட்டுச் சந்தையில கூட துண்டுக்குள்ள கைய விட்டு, வெரலப் புடிச்சுத்தான சார் வெல பேசுவாங்க. மாட்டுக்கு ஒரு மரியாதை. இங்க அத்தன கேமரா முன்னால பலகையத் தூக்குறாங்க."

அவருடைய முதுகு குலுங்கியது. சிரிக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பாரோ என்று பயந்தேன். வீட்டுக்காரம்மா காபியில் ஸ்ட்ரா போட்டுக் கட்டிலுக்குக் கீழே நீட்டினார்.

"உங்க டீம்ல பதினோரு பேரு ஆடுறாங்க. நம்ம பழைய பஸ் ஸ்டாண்டுல இறக்கிவிட்டா, திருவையாறு பஸ் எங்க நிக்கும்னு கேக்கத் தெரிஞ்சவங்க எத்தன பேரு சார்?" என்று கேட்டேன்.

யோசித்தார். "ரெண்டு பேரு," என்றார். "ஒருத்தர உக்கார வச்சிட்டாங்க."

கபடியிலும் எங்களுக்கு ஒத்துப்போகவில்லை. மெத்தையில் ஷூ போட்டு, விளக்கு வெளிச்சத்தில் ஆடுவது கபடியே இல்லை என்றார் அவர். முழங்கை தோல் போகாமல் ஆட வழி வந்ததே, அதில் என்ன குறை என்றேன் நான். இரண்டு நாள் அதே பேச்சு. அந்த இரண்டு நாளும் கல்லூரியில் அடுத்து அவரிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வகுப்பெடுத்தேன். தவளையின் இதயத்தைப் படம் போட்டுவிட்டு, அறைகள் நான்கு என்று எழுதினேன். மூன்றுதான். ஒரு மாணவி திருத்தினாள்.

பதின்மூன்றாம் நாள் திருச்சிக்குப் போய்க் காட்டிவிட்டு வந்தார்கள். உட்காரலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வீட்டுக்காரம்மா கூப்பிட்டார், போனேன். வீட்டுக்காரர் சாய்வு நாற்காலியில் கறுப்புக் கண்ணாடி போட்டு உட்கார்ந்திருந்தார். இத்தனை நாளில் அவர் முகத்துக்கு நேராக நான் உட்கார்ந்தது அன்றுதான். எழுந்திருக்கப் பார்த்தார்.

"வாங்க டீச்சர். உக்காருங்க."

டிவியின் சத்தம் முழுதாக இருந்தது. யாரோ பிரியாணியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"ஸ்லிப்ப எடுத்துட்டாங்க சார்," என்றேன்.

"ம், பாத்தேன்."

வீட்டுக்காரம்மா கொடுத்த காபி டம்ளரைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தேன். அவருக்கும் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். காபி சூடாக இருக்கிறதா என்று கேட்டார். கண் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். வியூகம் வகுக்க என்று இரண்டரை நிமிட இடைவேளை விடுவார்களே, அது வந்தது. அதில் வகுக்கப்படும் ஒரே வியூகம் பற்பசை விற்பதுதான் என்று முந்தின வாரம் சொல்லி அவரைச் சிரிக்கவைத்திருந்தேன். அன்று இருவரும் பற்பசை விளம்பரத்தைப் பேசாமல் பார்த்தோம். விடைத்தாள் திருத்தவேண்டும் என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். அடுத்த வாரம் கூப்பிடவில்லை. கூப்பிடாதது எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அது அப்படியில்லை.

மறுவருடம் அவர்கள் கோயம்புத்தூருக்கு, மகன் வீட்டோடு போய்விட்டார்கள். கீழே ஒரு கூரியர் கம்பெனி வந்திருக்கிறது. ஆறு மணிக்கு மேல் பூட்டிவிடுவார்கள். வாடகையை அவர் கணக்குக்கு அனுப்பிவிடுகிறேன். அனுப்பிய அன்று, "வந்தது, நன்றி," என்று ஒரு செய்தி வரும். ஒருமுறை அதற்குக் கீழே ஸ்கோரைப் போடலாமா என்று தட்டச்சு செய்துவிட்டு அழித்தேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், வெயில் மாடியை வாட்டிக்கொண்டிருந்தது. செல்போனை அரிசி டப்பாவில் சாய்த்துவைத்து, வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் தண்ணீர் கேன் போடுகிறவர் தோளில் கேனோடு நின்று தயங்கினார்.

"உள்ள ஆளு இருக்காங்களாங்க? அப்பறமா வரட்டுங்களா?"

அப்போதுதான் கவனித்தேன், நான் சத்தமாகப் பந்து பந்தாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"யாருமில்லங்க. மேட்ச் ஓடுது. வைங்க."

கேனை இறக்கினார். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "எவ்வளவுங்க ஸ்கோரு?" என்று கேட்டார்.

ஸ்கோரைச் சொன்னேன். ஆடுகளம் மெதுவாக இருக்கிறது என்று சொன்னேன். இடதுகை ஸ்பின்னருக்கு இன்னும் இரண்டு ஓவர் பாக்கி, அவனை இப்போதே போடாமல் கேப்டன் எதற்காகக் காத்திருக்கிறான் என்பதையும் சொன்னேன். அவர் காலி கேனைக் கையில் பிடித்தபடி கடைசிவரை நின்று கேட்டார்.

"சரிங்க, பக்கத்துத் தெருவுல இன்னும் நாலு கேன் போடணும்," என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

கேப்டன் அந்த ஸ்பின்னரைக் கடைசிவரை கூப்பிடவில்லை.