மாத்திரைக்கு முறை வைத்தவர்கள்

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. எண்பதுகளின் தொடக்கம். உளவியல் படித்து முடித்த சூடு இன்னும் ஆறவில்லை. மெட்ராஸில் ஒரு மருத்துவமனையில், வாழவே பிடிக்காமல் போன பதின்வயதுப் பிள்ளைகளுக்குப் புதிதாக ஒரு மாத்திரை கொடுத்துப் பார்க்கும் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. அதில் ஊர் ஊராகப் போய் வருகிற வேலை என்னுடையது. வாரம் ஒருமுறை பழவேற்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்குவேன். அங்கிருந்து கோட்டைக்குப்பத்துக்கு நடை. இரண்டு வீடுகளில் மாத்திரைப் பொட்டலம் கொடுத்து, இரண்டு பிள்ளைகளிடம் கேள்வி கேட்டுத் திரும்ப வேண்டும். திருப்பாலைவனம் தாண்டியதுமே நான் ஸீட்டை விட்டு எழுந்து நின்றுவிடுவேன். "உக்காரும்மா, நீ நின்னா வண்டி சீக்கிரம் பூடுமா?" என்பார் கண்டக்டர்.

இரண்டு பிள்ளைகளில் ஒருத்தி பதினாறு வயதுப் பெண். அந்த வருஷம் ஒருமுறை சாகப் பார்த்து, பிழைத்து, எங்கள் வார்டில் சில வாரம் இருந்துவிட்டு வீடு திரும்பியிருந்தாள். மற்றவன் அடுத்த சந்தில் இருந்த பையன், பதினேழு வயது. படிப்பை விட்டு, படகுக்கும் போகாமல், சுவரைப் பார்த்தபடி படுத்தே கிடந்தான். இரண்டு பேரின் அப்பாக்களும் ஏரியில் இறால் பிடிப்பவர்கள். ஊருக்கு இரண்டு வீட்டாரும் சொல்லி வைத்திருந்த காரணம் ஒன்றுதான்: தீராத வயிற்று வலி.

நான் கேட்க வேண்டிய கேள்விகளை யாரோ வீட்டில் உட்கார்ந்தே தமிழாக்கியிருந்தார்கள். "எதிர்காலம் குறித்து நம்பிக்கையின்மை உணர்கிறீர்களா?" என்று முதல் வாரம் நான் வாசித்ததும் அந்தப் பையனே திரும்பிப் பார்த்தான். என்னை டீச்சர் என்றே கூப்பிடும் அவன் அம்மா, "இன்னா டீச்சர், ரேடியோல நூஸ் சொல்றா மாதிரி கீது?" என்றாள். அடுத்த வாரத்திலிருந்து என் வாய்க்கு வந்த தமிழில் கேட்டேன். கேள்வியை மாற்றினால் அளவும் மாறிவிடும் என்று எங்கள் டாக்டர் கடிந்துகொண்டார். சரி என்று தலையாட்டிவிட்டு அப்படியேதான் கேட்டேன்.

ஆய்வு எப்படி நடக்கிறது என்று விளக்கியதில் எனக்கு ரொம்பப் பெருமை. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். யாருக்கு எது என்று எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. இதைப் புரியவைக்க மற்ற ஊர்களில் அரை நாள் ஆகும். இங்கே எனக்கு வழி கிடைத்துவிட்டது. கோட்டைக்குப்பத்தில் ஏரியில் வலை கட்டும் இடங்களைப் பாடு என்பார்கள். எந்தப் பாடு யாருக்கு என்பதைச் சீட்டுப் போட்டுத்தான் எடுப்பார்கள். "அதே மாதிரிதாம்மா. சீட்டுல யாருக்கு எது விழுதோ அது" என்றேன். இரண்டு அம்மாக்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, "அட, அவ்ளோதானா!" என்றார்கள். விளக்கம் ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. நான் பொரிவிளங்காய் உருண்டை வாங்கித் தின்றபடி பஸ்ஸுக்கு நடந்தேன்.

சில வாரம் போயிற்று. ஒரு வாரம் அந்தப் பெண் நாக்கெல்லாம் வறண்டு போகிறது என்று சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். அடுத்த வாரம் அவளுக்கு ஒன்றுமில்லை, பையன் தண்ணீர் கேட்டான். அதற்கடுத்த வாரம் மறுபடி அவள். வாய் வறட்சி அந்த மருந்தின் குணம் என்று எனக்குத் தெரியும். ஆனால் இரண்டு பேரில் மாறி மாறி எப்படி வரும்? ஏதோ பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக எனக்குப் படபடப்பு. டாக்டரிடம் ஓடினேன். "அதையெல்லாம் நீ யோசிக்காதே. கேட்டதைக் குறித்துக்கொண்டு வா, போதும்" என்றார்.

அடுத்த முறை போனபோது பெண்ணின் அம்மா, நான் கொடுத்த பொட்டலத்தை வாங்கிய கையோடு பக்கத்துச் சந்துக்குக் கிளம்பினாள்.

"எங்கேம்மா எடுத்துட்டுப் போறீங்க?"

"இந்த வாரம் அவனுக்கு முறை டீச்சர். அவன்துல இருந்து இவளுக்கு எடுத்தாருவேன்."

"முறையா?" என்றேன். அதை அவள் வேறு மாதிரி புரிந்துகொண்டாள். படித்தவளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்கிற பொறுமையோடு சொன்னாள்: "சீட்டுல நல்ல பாடு ஒருத்தனுக்கு வுழுந்தா, அவனே வருசம் பூரா புடிச்சினு இருப்பானா? இன்னிக்கு அவன், நாளைக்கு இவன். நீதானே சொன்ன, அதே மாதிரின்னு?"

அங்கே பாடு அப்படித்தான். முதல் நாளுக்குத்தான் சீட்டு. அதற்குப் பிறகு வளமான இடமும் வறண்ட இடமும் எல்லா வலைக்கும் மாறி மாறி வந்துவிடும். ஒரே ஆளிடம் ஓர் இடத்தை விட்டுவைப்பது அந்த ஊரில் அநியாயம். இரண்டு அம்மாக்களும் யோசித்து, கலந்து பேசி, நியாயமாகத்தான் நடந்திருக்கிறார்கள். ஆனால் அந்த மாதிரி மருந்து உடம்பில் ஊறி வேலை செய்யத் தொடர்ந்து சில வாரம் ஆகும். ஒரு வாரம் தின்று ஒரு வாரம் விட்டால் இரண்டு பேருக்கும் கிடைத்தது ஒன்றுமே இல்லை.

உள்ளே போய் அந்தப் பெண்ணின் எதிரில் உட்கார்ந்தேன். கன்னம் ஒட்டியிருந்தது. வழக்கமான கேள்வி ஒவ்வொன்றுக்கும் தோளை மட்டும் அசைத்தாள். கடைசிக் கேள்வியைச் சுற்றி வளைக்காமல் கேட்டேன். "செத்துப்போயிடலாம்னு மறுபடி தோணுதா?"

"தோணுது."

"எப்பலேர்ந்து?"

"அது போவவே இல்லியேக்கா. இந்த வாரம்தான் எந்நேரமும் கீது."

அழவில்லை அவள். மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற குரல்தான். பக்கத்திலேயே இருக்கும்படி அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டுத் தபாலாபீசுக்கு ஓடினேன். டிரங்க் கால் கிடைப்பதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. நான் மூச்சு வாங்கச் சொன்னதையெல்லாம் டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"ரெண்டு பேருக்கும் அந்த மாத்திரையை நிறுத்து. ரெண்டு பேரும் இனிமேல் ஆய்வில் இல்லை. பையனை நாளைக்கு வரச் சொல். பெண்ணை இன்றைக்கே, அப்பா அம்மாவோடு கூட்டிக்கொண்டு வா. அதுவரை அவளைத் தனியாக விடாதே."

"ஸார், ஆய்வு கெட்டுப்போச்சே..."

"ஆய்வு கிடக்கட்டும், கிளம்பு."

திரும்பி வந்து சொன்னதும் அவள் அப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார். அமாவாசை கழிந்து நீரோட்டம் பலமாக இருந்த நாட்கள் அவை. இறால் வருகிற நேரம். மறுநாள் ஏரி முகத்துவாரத்தை ஒட்டிய பாடு அவருடைய முறை. அதை விட்டால் அடுத்த முறை வரும்போது இறால் இருக்குமோ என்னவோ. முறையை வேறு ஆளோடு மாற்றிக்கொள்ள ஊர் சம்மதிக்கும். ஆனால் காரணத்தைக் கரையில் எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். அதுதான் அவரை அழுத்தியது.

"வயித்து வலின்னே சொல்லிடட்டா?" என்று மனைவியைக் கேட்டார்.

"வயித்து வலிக்கா அப்பன் ஆத்தா ரெண்டு பேரும் பட்டணம் போறாங்கன்னு கேப்பாங்க. பொண்ண எவன் கட்டுவான்னுதானே பாக்கற? இருந்தாதான்யா கட்டுவான்."

அவர் எழுந்து துண்டை உதறிக்கொண்டு நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். கரையில் ஏழெட்டுப் பேர் வலையைப் பிரித்துப் போட்டுப் பொத்தல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நாளைக்கு எனக்கு முடியாது. யாராச்சும் முறை மாத்திக்கிணும்" என்றார்.

"எறா வர்ற நேரத்துலயா? மூளை கீளை கலங்கிடுச்சா மாமா?" என்றான் ஒருவன். சிரித்தார்கள்.

"எனக்குக் கலங்கல. என் பொண்ணுக்குத்தான் மனசு செரியில்ல. உசுரோட இருக்கமாட்டேன்றா. வயித்து வலின்னு நான் சொன்னது பொய். ஆஸ்பத்திரிக்கு இஸ்துனு போறேன்."

சிரித்தவன் வலைக்குள் குனிந்துகொண்டான். அப்புறம் கடைசியில் உட்கார்ந்திருந்த ஒருவர், பையனின் அப்பா, வலையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "வர்ற வாரம் என் முறையில நீ கட்டு. நாளைக்கு நான் கட்டறேன்." பிறகு வலையைக் கீழே வைத்துவிட்டு, "என் பையனுக்கும் வயித்து வலி இல்லபா. அதேதான்" என்றார்.

"அட இன்னாபா, ரெண்டு பேரும் மாசக்கணக்கா எங்களுக்கு ஓமத்தண்ணி வைத்தியம் சொல்லவுட்டீங்களே!" என்றார் ஒரு கிழவர். இந்த முறை சிரிப்பில் குத்தல் இல்லை.

பஸ்ஸில் அந்தப் பெண் நடுவில், நானும் அவள் அம்மாவும் இரண்டு பக்கமும், அப்பா முன் ஸீட்டில். மெட்ராஸ் வரும்வரை அவள் அம்மா அவள் மணிக்கட்டை விடவே இல்லை.

மறுநாள் பையனும் அவன் அம்மாவோடு வந்து சேர்ந்த பிறகு, யாருக்கு எது என்று பட்டியல் வைத்திருந்தவர்களிடம் டாக்டர் கேட்டு வாங்கிச் சொன்னார். பெண்ணுக்கு விழுந்தது மருந்து, பையனுக்கு மாவு. வராந்தாவில் பெரிய சண்டை.

"என் பொண்ணு மருந்தல்லாம் உன் புள்ள துன்னுட்டானே!"

"நாங்களா வந்து கேட்டோம்? நீதானே முறை, நாயம்னு பேசின? இப்ப இன்னா, கக்கிக் குடுக்கச் சொல்லவா?"

நர்ஸ் வந்து இரண்டு பேரையும் வராந்தாவின் இரண்டு கோடிக்கு விரட்டினாள். சாயங்காலம் ஒருத்தி வாங்கி வந்த டீயை இன்னொருத்தி குடித்துக்கொண்டிருந்தாள். இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் இருந்தார்கள்.

டாக்டர் இரண்டு பிள்ளைகளுக்கும் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த மருந்தைத் தொடங்கினார். சீட்டுக் கிடையாது, மாவு கிடையாது. தினமும் உட்கார வைத்துப் பேசினார். நான் காலையில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை, வீட்டுக்குப் போகும்முன் ஒருமுறை வார்டை எட்டிப் பார்ப்பேன். "தண்ணி ஊத்தினவுடனே செடி வளர்ந்துச்சான்னு பிடுங்கிப் பார்க்கறே" என்றார் டாக்டர். உண்மைதான், என்னால் இருக்க முடியவில்லை. பையன் சீக்கிரமே எழுந்து நடமாடினான். அவள் அசையவில்லை. முதல் வாரங்கள் எதுவும் தெரியாத வாரங்கள். கொடுத்ததைச் சாப்பிட்டாள், கேட்டதற்குத் தோளை அசைத்தாள். மருந்து எல்லாருக்கும் வேலை செய்யும் என்று எழுதியா வைத்திருக்கிறது? அந்த நாட்களில் டாக்டரின் முகத்திலும் அதைத்தான் பார்த்தேன். அவருக்கும் தெரியாது. காத்திருப்பதைத்தான் அவர் என்னைவிட நன்றாகச் செய்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பா வந்திருந்தார். வழக்கம்போலக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பேச ஒன்றுமில்லாமல் துண்டை முறுக்கிக்கொண்டிருந்தார். நான் ஜன்னல் பக்கம் நின்றிருந்தேன்.

"எறா இப்ப எப்படி படுது நைனா?" என்றாள் அவள்.

இத்தனை மாதத்தில் அவளாக யாரையும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அவர் சொல்ல ஆரம்பித்தார். தெற்கத்திக் காற்று, முகத்துவாரத்தில் மண் ஏறியது, எந்தப் பாடு யாருக்கு, எவ்வளவு இறால், எவன் வலையை நண்டு கடித்தது என்று ஒன்று விடாமல். பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. அவளும், "அப்றம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.