இல்லாத மீன்கொத்தி

பறவை பார்க்கப் போகிறவர்களைப் போல முகம் மாறாமல் பொய் சொல்கிறவர்களை நான் மீன் மார்க்கெட்டில்கூடப் பார்த்ததில்லை. மீன்காரன் முந்தாநாள் கெம்போங் மீனை இன்று காலையில் வந்தது என்பான். செவுளைத் தூக்கிப் பார்த்தால் அவனே சிரித்துவிடுவான். இவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

யாரோ சொல்லிக் கேட்டதில்லை இது. ஒரு வருடத்துக்கும் மேல் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களோடு அலைந்தவள் நான். என் வீட்டுக்காரர் தபால் நிலைய வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், குனோங் ராபாட் வீட்டில் உட்கார்ந்துகொண்டு குழாயைச் சரி செய்கிறேன், மிக்சியைச் சரி செய்கிறேன் என்று, நன்றாக இருந்ததையெல்லாம் கெடுத்துக்கொண்டிருந்தார். ஈப்போவில் பறவை பார்க்கும் குழு ஒன்று இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். தொலையட்டும், வீட்டில் மிச்சம் இருக்கும் சாமானாவது தப்பிக்கும் என்று ஒரு பைனாகுலர் வாங்கிக் கொடுத்தேன். "நீயும் வாயேன், காலையில காத்தாட இருக்கும்" என்றார். போனேன். காற்று எங்கே வந்தது? கொசுதான் வந்தது.

போகிற இடமெல்லாம் பக்கத்தில்தான். பத்து காஜா பக்கம் ஈயம் தோண்டிவிட்டுப் போட்ட பழைய லம்பக் குட்டைகள். இப்போது அங்கே பறவைச் சரணாலயம் என்று பலகை நட்டிருக்கிறார்கள். எப்போதாவது ஹுத்தான் மெலிந்தாங் வரை போய்க் கடற்கரைச் சேற்றில் நிற்போம். நான் ஆயர் தாவார் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். கானாங்கோழியைக் கண்ணி வைத்துப் பிடித்து, மிளகு தூக்கலாகப் பிரட்டித் தின்ற வாய் இது. அதே கானாங்கோழி புல்லுக்குள்ளிருந்து தலையை நீட்டும்போது பெரிய மனிதர்கள் வரிசையாக மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். எனக்கு எச்சில்தான் ஊறும்.

அவர்கள் போட்டிருக்கும் உடுப்பைப் பார்க்க வேண்டுமே! பறவையின் கண்ணில் படக் கூடாதாம். அதனால் பச்சையும் மண் நிறமுமாக, உடம்பெல்லாம் பாக்கெட் வைத்த சட்டை. அதைப் போட்டுக்கொண்டு குட்டை ஓரத்துப் பலகைக் குடிலுக்குள் உட்கார்ந்து, டுரியான் விலை, மருமகள் குணம், முட்டி மாற்ற எந்த ஆஸ்பத்திரி நல்லது என்று இவர்கள் போடுகிற சத்தத்தில், பறவை என்ன, தண்ணீரில் கிடக்கும் எருமையே எழுந்து போய்விடும்.

குழுவின் தலைவர் பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னும் நாம் லோன் கேட்டு வந்தவர்கள் என்பது போலவே பேசுவார். அவர் ஒரு பழக்கம் வைத்திருந்தார். ஏதாவது பறவை கண்ணில் பட்டதும், கடிகார முள் கணக்கில் திசை சொல்வார். "ரெண்டு மணி பக்கம்! காஞ்ச மரம், ரெண்டாவது கெள!" உடனே நாங்கள் நிற்கிற வரிசையில் இடமிருந்து வலமாக ஒவ்வொருவரும் "தெரியுது" என்று சொல்ல வேண்டும். கடைசி ஆள் சொல்லாமல் அவர் நகரவே மாட்டார். யாரும் விட்டுப் போகக் கூடாது என்கிற பெருந்தன்மையாம்.

இந்தப் பெருந்தன்மை என்ன செய்யும் என்று அந்த மனிதருக்குக் கடைசி வரைக்கும் விளங்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருக்கும். நிறுத்திவிட்டு வந்த காடியில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் காத்திருக்கும். ஒருத்தருக்காக இத்தனை பேர் நிற்கிறார்களே என்ற கூச்சத்தில், தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் எல்லாரும் "தெரியுது" என்பார்கள். சேர்ந்த புதிதில் நான் "எனக்குத் தெரியலண்ணே" என்று உள்ளதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். தலைவர் வந்து என் தோளைப் பிடித்துத் திருப்புவார், கைத்தடியால் காட்டுவார். பின்னால் பெருமூச்சு கேட்கும். "அக்காவுக்குக் கிடைச்சிருச்சா? போலாமா?" என்பார் எங்களோடு வரும் சாப்பாட்டுக் கடைக்கார பாய். கடையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை மகனிடம் விட்டுவிட்டு வருகிறவர், அவருக்கு அவசரம். கொஞ்ச நாளில் நானும் "தெரியுது" என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். உயரத்தில் தெரியும் இலைகளைப் பார்த்து, ரொம்ப அழகு என்று வேறு சொல்வேன்.

என் வீட்டுக்காரர் இன்னும் ஒரு படி மேலே போனார். தலைவர் வாயை மூடுவதற்குள் "தெரியுது!" என்பார். அவருக்குக் கழுகுக் கண்ணு என்று பட்டமே கொடுத்துவிட்டார்கள். வாழ்க்கை முழுக்கத் தபால் பிரித்துக்கொண்டிருந்த மனிதரை யாரும் பாராட்டியதில்லை. பட்டம் கிடைத்ததும் மனிதருக்கு நடையே மாறிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் வீட்டில் சின்னச் சின்னதாக ஏதேதோ நடந்தது. மேசையில் இடது பக்கம் வைத்த, பாலில்லாத தே-ஓ கிளாஸை முழங்கையால் தட்டிவிடுவார். காடியின் இடது கண்ணாடியை வாசல் கேட் தூணில் உரசினார், கொஞ்ச நாளில் மறுபடியும் உரசினார். ஒரு நாள் சந்துக்குள்ளிருந்து வந்த மோட்டார்க்காரன் இவர் காடிக்கு முன்னால் சறுக்கி விழப் பார்த்தான். "பார்த்து ஓட்டு லா, அங்கிள்!" என்று கத்தினான். "எங்கிருந்துதான் வாரானுங்களோ" என்றார் இவர். கண்ணைக் காட்டுங்கள் என்றேன். பேப்பரை எடுத்து, பொடி எழுத்தில் இருந்த மரண அறிவித்தலைக் கடகடவென்று படித்துக் காட்டினார். "ஞாயித்துக்கெழம எல்லாருக்கும் முன்னால நான்தான் பார்க்குறேன். எனக்கா கண்ணு தெரியல?"

 அந்த மனிதருக்குக் கண் போகிறதா, வெறும் கவனக்குறைவா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. தினமும் அவர்தான் காடி ஓட்டுகிறார். சாமான் வாங்க, கோயிலுக்குப் போக, எல்லாவற்றுக்கும் அவர்தான்.  அதனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே ஒரு சோதனை வைத்தேன்.

லம்பக் குட்டைக்கு நடுவில் ஒரு மொட்டைக் கம்பம் நிற்கும். அதில் ஒன்றுமே இல்லை, ஒரு ஈகூட இல்லை. நான் கையை நீட்டி, "அதோ, கம்பத்து மேல மீன்கொத்தி!" என்றேன். கண் நன்றாக இருந்தால் அங்கே ஒன்றுமில்லையே என்பார், தெரியுது என்றால் கண் போய்விட்டது என்பது என் கணக்கு.

"தெரியுது! என்னா நீலம்!" என்றார் இவர்.

கண் போய்விட்டது என்றே முடிவு செய்தேன். ஆனால் அடுத்து நின்றவரும் "தெரியுது" என்றார். அதற்கடுத்தவரும் சொன்னார். பாய் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "வாயில மீனு வச்சிருக்குக்கா" என்றார். தலைவர் பைனாகுலரை இறக்காமலே, "பொட்டை. அலகுக்கு அடியில செவப்பு பாருங்க" என்று பாடமே எடுத்தார். வெறும் கம்பத்தை இத்தனை பேர் ரசித்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது. கண் தெரிகிறவனும் தெரியாதவனும் ஒரே பொய்யைச் சொன்னால், என் வீட்டுக்காரரை நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?

திரும்பி நடக்கும்போது தெரிந்தது. பாதையின் இடது ஓரத்தில் ஒரு உடும்பு படுத்திருந்தது. தொடை கனம் இருக்கும். முன்னால் போனவர்கள் "அலாமாக்!" என்று அலறிக்கொண்டு ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்தார்கள். ஒருவர் தொப்பி குட்டைக்குள் போனது. என் வீட்டுக்காரர் மட்டும் கையை வீசிக்கொண்டு அதன் வாலை மிதிக்காத குறையாகத் தாண்டிப் போனார். உடும்பே பயந்து தண்ணீரில் குதித்தது. "கழுகுக் கண்ணுக்குப் பயமே இல்ல!" என்று தலைவர் கை தட்டினார். எல்லாரும் தட்டினார்கள். இவர் திரும்பி, எதற்கென்று தெரியாமலே ஒரு சிரிப்புச் சிரித்தார்.

குளியலறையில் பல்லி இருந்தால் என்னைக் கூப்பிட்டுத் துரத்தச் சொல்கிற மனிதர் அவர். அந்த உடும்பை அவர் பார்க்கவே இல்லை.

காடியருகே வந்ததும் சாவியைக் கேட்டேன். "எதுக்கு?" என்றார். "நான் ஓட்டுறேன்." "எல்லாரும் பார்க்குறாங்க." "பார்க்கட்டும். அவங்களுக்குத்தான் எதுவுமே தெரியாதே!" என்று நான் போட்ட சத்தத்தில் பாய் பொட்டலத்தைக் கீழே போட்டுவிட்டார். சாவி என் கைக்கு வந்தது. ஈப்போ வந்து சேரும்வரை நான்தான் ஓட்டினேன்.  எனக்கு அவர் மேல் கோபம், அந்தக் கூட்டத்தின் மேல் அதைவிடக் கோபம்.

அந்த வாரமே அவரைக் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் இளைஞர், தமிழர்தான். கண்ணுக்குள் பிரஷர் ஏறியிருக்கிறது என்றார். "ஓரப் பார்வை கொஞ்சம் கொஞ்சமா போகும் அங்கிள். நடுவுல நல்லாத் தெரியும், அதான் பேப்பர் படிக்க முடியுது. போனது திரும்ப வராது. இருக்கறத மருந்து போட்டுக் காப்பாத்தலாம். எவ்வளவு போயிருக்குன்னு மெஷின் டெஸ்ட் எடுத்தாத்தான் எனக்குத் தெரியும். இப்பவாவது வந்தீங்களே." அடுத்த வாரம் வரச் சொன்னார்.

இனி வர மாட்டோம் என்று சொல்லத் தலைவருக்குப் போன் செய்தேன். கண் விஷயத்தைச் சொன்னதும் அவர் நம்பவில்லை. "அவருக்கா? என்னா தங்கச்சி நீங்க! அன்னைக்கு மீன்கொத்திய மொதல்ல பார்த்ததே அவருதானே?"

"அங்க மீன்கொத்தியே இல்லண்ணே. நான் சும்மா சொன்னேன்."

 அவர் செல்லமாகச் சிரித்தார். "நான்தான் பார்த்தேனே தங்கச்சி."

போனை வைத்துவிட்டேன். இந்த மாதிரி ஆளிடம் என்ன பேசுவது? நாளைக்கே கண் போனாலும் கம்பத்தில் மீன்கொத்தியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

டெஸ்ட் அன்று ஒரு இருட்டறையில் திரைக்கு அந்தப் பக்கம் அவரை உட்கார வைத்தார்கள். தாடையைத் தாங்கியில் வைத்து, ஒரு கண்ணை மூடி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். நடுப் புள்ளியையே பார்க்க வேண்டும். ஓரத்தில் எங்காவது வெளிச்சம் மின்னினால் பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்கினால் டிக் என்று சத்தம் வரும். திரைக்கு இந்தப் பக்கம் நான் காத்திருந்தேன். டிக், டிக், டிக் என்று மழை மாதிரி கொட்டியது. பரவாயில்லையே, நிறையத் தெரிகிறதே என்று நான் சாமிக்கு நன்றிகூடச் சொல்லிவிட்டேன்.

மெஷினைப் பார்த்துக்கொள்கிற பெண் வெளியே வந்தாள். "ஆண்டி, அங்கிள் லைட்டு வராதப்பவும் அமுக்குறாரு. மெஷினு இடையில சும்மா விட்டுப் பார்க்கும். அப்பவும் அமுக்குறாரு. இந்த ரிப்போர்ட்டு செல்லாது. டாக்டர் இத வச்சி மருந்து கொடுக்க முடியாது."

உள்ளே போனேன். அவர் தாடையை எடுக்காமலே இருந்தார். "நல்லாப் பண்ணேன்ல?" என்றார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வருடம் ஞாயிறு தவறாமல் அந்த வெட்டிக் கூட்டம் இவருக்குக் கற்றுக்கொடுத்தது இதைத்தான். பறவை கற்றுக்கொடுக்கவில்லை, பார்க்கக் கற்றுக்கொடுக்கவில்லை. தெரியாததைத் தெரியுது என்று சொல்லக் கற்றுக்கொடுத்து, அதற்குப் பட்டமும் கொடுத்திருந்தார்கள்.

"என்னங்க, இங்க தலைவரு இல்ல. யாரும் உங்களுக்காக வெயில்ல நிக்கல. கை தட்ட ஆளில்ல. தெரிஞ்சா அமுக்குங்க. தெரியலன்னா சும்மா இருங்க. உங்க கண்ணு இதுலதான் இருக்கு, விளையாடாதீங்க" என்றேன். 

அவர் தாடையைத் தாங்கியிலிருந்து எடுத்தார். பிறகு மெதுவாக, "பாதிக்கு மேல ஒண்ணும் தெரியல லா" என்றார். "நான் மட்டும் சொன்னா அசிங்கமா இருக்கும்னு நெனச்சேன்."

"சொல்லுங்க. அசிங்கமில்ல" என்றேன்.

பெண் மறுபடியும் மெஷினைப் போட்டாள். நான் திரைக்கு வெளியே வந்து உட்கார்ந்தேன். ஒரு டிக் கேட்டது. கொஞ்சம் கழித்து இன்னொன்று. அதன் பிறகு ஒன்றும் இல்லை. உள்ளே வெளிச்சங்கள் மின்னிக்கொண்டிருந்தன என்று எனக்குத் தெரியும். மெஷின் மெல்ல முனகிக்கொண்டிருந்தது. முதல் முறையாக என் வீட்டுக்காரர் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கேட்டது அதுதான். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் பிசைந்துகொண்டு, அமுக்குங்க, ஒரு தடவை அமுக்குங்க, பொய்யாகவாவது அமுக்குங்களேன் என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே இருந்தேன்.