அப்பாவின் அடக்கமும் ஒரு நீல ஜெர்கினும்

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு நவம்பர் மாதம். ஆப்பிரிக்காவின் தென்மேற்குக் கரையில், நமீபியா நாட்டின் வால்விஸ் பே துறைமுகத்தில் எங்கள் சரக்குக் கப்பல் பழுது பார்ப்பதற்காக நின்றிருந்தது. நான் ராயபுரத்துக்காரன். கப்பலில் ஃபிட்டர். இன்ஜின் அறைதான் என் உலகம். போய் நின்ற ஊர்களில் பாதியை நான் மேலே ஏறி வந்து பார்த்ததுகூட இல்லை.

ஒரு நாள் காலை, வேலைக்கு இறங்கும் நேரத்தில் தம்பி கூப்பிட்டான். "ணா... நைனா பூட்டாரு ணா" என்றான். அதற்கு மேல் அவனால் பேச முடியவில்லை. தூக்கத்திலேயே உயிர் போயிருக்கிறது என்று அவன் மனைவி ஃபோனை வாங்கிச் சொன்னாள்.

கேப்டனிடம் ஓடினேன். அவரும் ஏஜென்டும் யார் யாரிடமோ பேசிப் பார்த்தார்கள். அப்போதே கிளம்பினாலும் விமானம் மாறி மாறிச் சென்னை போய்ச் சேர இரண்டு நாளாவது ஆகும். அங்கே மழை வேறு விடாமல் பெய்துகொண்டிருந்தது.

"ஐஸ் பொட்டில வெச்சிகீறோம் ணா. கரண்டு வந்து வந்து பூடுது. தெருவுல முட்டி வரைக்கும் தண்ணி. இன்னா பண்றதுன்னு நீயே சொல்லு" என்றான் தம்பி.

மறுநாள் சாயங்காலம் அடக்கம் செய்துவிடுங்கள் என்று மூத்த மகன் நானே சொன்னேன். சொல்லிவிட்டுக் கீழே இறங்கி அன்றைய வேலையைப் பார்த்தேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. கப்பலில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எல்லோரும் தோளைத் தட்டினார்கள், வருத்தம் தெரிவித்தார்கள், நகர்ந்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. என் அப்பா மீன் வாங்கப் போனால் மீன்காரம்மாவிடம் சண்டை போடாமல் திரும்ப மாட்டார், சண்டையெல்லாம் முடிந்த பிறகு அந்தம்மா கேட்ட விலையையே கொடுத்துவிட்டு வருவார் என்று யாரிடம், எந்த மொழியில் சொல்வது?

மறுநாள் காலை எங்கள் செகண்ட் இன்ஜினியர் என் கேபினுக்கு வந்தார். பறவைகளையும் பாலைவனத்தையும் சுற்றிக் காட்டும் ஒரு பயணத்துக்கு அவர் இடம் பதிவு செய்து வைத்திருந்தார். "என் இடத்தில் நீ போ. இங்கே மேலே பார்த்துக்கொண்டு படுத்துக் கிடக்காதே" என்று ஏறக்குறைய தள்ளிவிட்டார். மறுக்கக்கூட எனக்குத் தெம்பில்லை. ராயபுரத்தில் சாயங்காலம் என்றால் அங்கே நண்பகல். உள்ளூர் சிம் இருந்தது. வண்டியில் இருந்தபடியே அடக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துக் கிளம்பினேன்.

ஒரு ஜீப். வழிகாட்டியும் ஓட்டுநரும் ஒருவர்தான். நாற்பது வயதிருக்கும் அந்த ஊர்ப் பெண்மணி. என்னோடு ஒரு வயதான தம்பதி, பிறகு ஐரோப்பாவிலிருந்து வந்த இரண்டு தோழிகள். தோழிகளில் ஒருவர் நீல ஜெர்கின் போட்டிருந்தார். உயரமானவர், அதிகம் பேசாதவர். மைனா அளவே இருக்கும் ஒரு சின்ன ஆலாப் பறவையைப் பார்க்கத்தான் அவர்கள் அவ்வளவு தூரம் வந்திருந்தார்கள். அந்தக் கரையோர மணலில்தான் அது முட்டையிடுமாம். மறுநாள் காலை அவர்களுக்கு ஊர் திரும்ப விமானம்.

ஊரை ஒட்டிய காயலில் வண்டி முதலில் நின்றது. ஆயிரக்கணக்கில் பூநாரைகள். காலால் சேற்றைக் கலக்கிக் கலக்கி இரை தேடிக்கொண்டிருந்தன. எல்லோரும் பைனாகுலரைத் தூக்கினார்கள். ஒருவருக்கொருவர் தொட்டுத் தொட்டுக் காட்டிக்கொண்டார்கள். எண்ணூர் கழிமுகத்தில், அனல்மின் நிலையப் புகைபோக்கிகளுக்குக் கீழே இதே பறவை நிற்பதைப் பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். யார் பக்கம் திரும்பிச் சொல்வதென்று தெரியாமல் மூடிக்கொண்டேன்.

உப்பளங்களைத் தாண்டியதும் வழிகாட்டி உற்சாகமாக அறிவித்தார்: "இனிமேல் மணல்மேடும் கடலும்தான். ஃபோனை உள்ளே வையுங்கள். திரும்பி வரும்வரை சிக்னல் கிடைக்காது. அலை ஏறுவதற்குள் கரையைத் தாண்டிவிட வேண்டும்."

கையிலிருந்த ஃபோனைப் பார்த்தேன். சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டிருந்தன. சொல்லிவிடலாமா? எனக்காக நான்கு பேரின் பயணத்தைக் கெடுப்பதா? இதைச் சொல்லாமல் ஏன் வந்தாய் என்று கேட்டால் என்ன சொல்வது?

கொஞ்ச தூரத்தில் வழிகாட்டி வண்டியை நிறுத்தினார். கண்ணாடியில் என்னைக் கவனித்திருக்க வேண்டும். திரும்பி, "உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்றார்.

"என் அப்பாவை இன்று புதைக்கிறார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில். ஃபோனில் பார்க்கலாம் என்றிருந்தேன். பரவாயில்லை, நீங்கள் போங்கள்" என்று என் அரைகுறை இங்கிலீஷில் சொன்னேன்.

வழிகாட்டி இன்ஜினை அணைத்தார். மற்றவர்களைப் பார்த்து, "திரும்பிப் போனால் இன்றைக்கு அந்தப் பக்கம் போக முடியாது. அலை ஏறிவிடும். நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றார்.

வயதானவர் உடனே, திரும்பலாம் என்று தலையாட்டினார். நீல ஜெர்கின் பெண், "நாளை எங்களுக்கு விமானம். இதற்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றார். கேட்டதில் நியாயம் இருந்தது. தோழியிடம் அவர்கள் மொழியில் ஏதோ பேசினார். பிறகு ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தார்.

"திருப்புங்கள்" என்றார்.

சிக்னல் வந்த இடத்தில் வழிகாட்டி நிறுத்தினார். இறங்கி ஓடினேன். சுற்றிலும் மணல். தம்பி ஏற்கெனவே கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"எங்க ணா கீற நீ? கோயில்ல பூசை முடிஞ்சி கல்லறைக்கே வந்துட்டோம். பொட்டிய மூடப் போறாங்கோ. நைனா மூஞ்சிய காட்றேன், பாத்துக்கோ."

ஆனால் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. தலைக்கு மேல் பாலைவன வெயில். திரையில் என் முகத்தின் நிழல்தான் தெரிந்தது. கையால் மறைத்தேன், சட்டையைத் தூக்கி மறைத்தேன். "தெர்லடா, ஒண்ணும் தெர்லடா" என்று கத்தினேன்.

சட்டென்று என்மேல் இருட்டு விழுந்தது. அந்த உயரமான பெண் தன் நீல ஜெர்கினைக் கழற்றி, என் தலைக்கும் அவர் தலைக்கும் சேர்த்துக் கூடாரம்போல் பிடித்திருந்தார்.

அப்பா தெரிந்தார். வெள்ளை வேட்டி, கையில் ஜெபமாலை. மூக்கில் பஞ்சு. யாரோ மேலே குடை பிடித்திருந்தார்கள், இருந்தும் ஒரு மழைத்துளி அவர் நெற்றியில் விழுந்தது. தம்பி கைக்குட்டையால் துடைத்தான். பிறகு பெட்டியை மூடினார்கள். சாமியார் ஜெபம் சொல்லச் சொல்ல, காசிமேட்டு ஈரமண்ணுக்குள் அதைக் கயிற்றில் இறக்கினார்கள்.

"மண்ணு நீதான் ணா மொதல்ல போடணும். உன் பேரச் சொல்லி நான் போட்றேன்" என்றான் தம்பி.

என்னையறியாமல் குனிந்து ஒரு பிடி மணலை அள்ளிவிட்டேன். அள்ளிய பிறகுதான் தெரிந்தது, போட இடமில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். வாய்விட்டு அழுதேன். முந்தின நாளிலிருந்து அப்போதுதான் அழுகை வந்தது. நான் குனிந்தபோதும் நிமிர்ந்தபோதும் அந்த ஜெர்கின் என்னோடு இறங்கி, என்னோடு ஏறியது.

எல்லாம் முடிந்து வெளிச்சத்துக்கு வந்தபோது மற்றவர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தள்ளி நின்றிருந்தார்கள். வழிகாட்டி தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். அப்பாவின் பெயரைக் கேட்டார். சொன்னேன். சரியாக உச்சரிக்க வரும்வரை விடாமல் சொல்லிப் பார்த்தார். ஜெர்கின் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "கைதான் வலிக்கிறது" என்று தோளை நீவிக்கொண்டார். அதற்குள் அலை ஏறிவிட்டது. மீதி நேரம் காயலோரமாகவே சுற்றினோம். அந்தச் சின்ன ஆலா கடைசிவரை கண்ணில் படவில்லை. துறைமுக வாசலில் என்னை இறக்கிவிட்டார்கள். கை காட்டினோம், அவ்வளவுதான். கப்பலுக்குத் திரும்பினேன். மறுநாள் வழக்கம்போல் வேலை. மறுபடியும் யாரோடும் பேச ஒன்றுமில்லாத நாட்கள்.

மார்ச் மாதம் ஊருக்கு வந்தேன். தம்பியோடு கல்லறைக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத் திரும்பும்போது அவன் கேட்டான்.

"ஆமா ணா, யாரு அந்த வெள்ளக்காரம்மா? ஃபோன்ல உன் பக்கத்துல நின்னுகினு தேம்பித் தேம்பி அளுதுகினு இருந்துச்சே? நம்ப அத்த இன்னும் கேட்டுகினே கீது, அந்தம்மாக்கு நைனாவ எப்டித் தெரியும்னு."

நடு ரோட்டில் அப்படியே நின்றுவிட்டேன். நான் திரையை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்; பக்கத்தில் இருந்த முகத்தை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. யாருமில்லாத கரையில் என் அப்பாவுக்காக நான் தனியாக அழுதேன் என்று அத்தனை மாதங்கள் நினைத்திருந்தேன். இப்போதும் நடுக்கடலில் எவருமற்றதுபோல் மனசு கனக்கும்போது, நான் பார்க்காத அந்தக் கண்ணீரை நினைத்துக்கொள்கிறேன்; கொஞ்சம் மூச்சு விட முடிகிறது.