எட்டு மெகாஹெர்ட்ஸ் கொசுறு

பழைய காலத்துக் கம்ப்யூட்டர் போர்டு ஒன்றை மாதக்கணக்கில் சால்டர் செய்துகொண்டிருக்கிறேன், தெரியுமல்லவா. அதன் வேகத்தைத் தீர்மானிக்கும் ஆஸிலேட்டரை, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் போன வாரம் வாங்கினேன்.

நான் கேட்டது 7.3728 மெகாஹெர்ட்ஸ். கடைக்கார அண்ணன் கொடுத்தது எட்டு.

"கேட்டதுக்கு மேலயே இருக்குதுங்க. ஜாஸ்திதானே, போடுங்க."

போட்டேன். போர்டோடு இணைத்த லேப்டாப் திரையில் எழுத்துக்குப் பதில் கட்டமும் கேள்விக்குறியும் வந்தன. போர்டு வேகமாகப் பேசுகிறது, லேப்டாப் பழைய வேகத்திலேயே கேட்கிறது.

மாற்றித் தரச் சொல்லலாம் என்று இன்று போர்டு, லேப்டாப் இரண்டையும் சாட்சிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கவுண்டர் மேலேயே ஓடவிட்டுக் காட்டினேன்.

"இன்னாங்க, ஓடிக்கினுதானே இருக்குது?"

"ஓடுதுண்ணா. ஒரு எழுத்தும் புரியல. வேகம் ஜாஸ்தியானா இப்பிடித்தான்."

அதை அவருக்கு விளக்கத்தான் லேப்டாப்பின் வேக அமைப்பைத் திறந்தேன். 115200 என்று இருந்தது. 7.3728 எட்டான அதே கணக்கில் இதையும் ஏற்றினால் என்ன என்று அப்போதுதான் உறைத்தது. 125000 என்று மாற்றி, போர்டின் ரீசெட்டை அழுத்தினேன்.

'ரெடி' என்று சுத்தமாக வந்து நின்றது.

அண்ணன் எட்டிப் பார்த்தார். "ஜாஸ்தி குடுத்ததுக்கு யாராச்சும் சண்டைக்கு வருவாங்களாங்க?"

கிளம்பும்போது ஒரு கைப்பிடி கெப்பாசிட்டரையும் கொசுறாகக் கவரில் போட்டார். ஒன்றுகூட எனக்குத் தேவையான அளவில்லை. வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை.

இந்தக் கெப்பாசிட்டர்களுக்கு ஏற்ற மாதிரி அடுத்து என்ன கட்டலாம், யாராவது சொல்லுங்கள்.