ஏசுவடியான் மென்ற புல்

என் அக்காள் புருஷன் ஏசுவடியானை எனக்கு எந்தக் காலத்திலும் பிடித்ததில்லை. செத்துப்போன மனிதரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லவேண்டும் என்பார்கள். நானும் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை. அதனால் நடந்ததைச் சொல்கிறேன்.

பரளச்சியில் பிறந்த ஆள். அவருடைய அப்பா சோளத்தட்டைக் கட்டைத் தலையில் சுமந்துவந்து அருப்புக்கோட்டைச் சந்தையில் விற்றவர். இவரும் மீசை முளைத்த பிறகும் அதே கட்டைத்தான் சுமந்தார். அப்புறம் அருப்புக்கோட்டை மிஷன் பங்களாவில் பட்லர் வேலை கிடைத்தது. அன்றோடு பரளச்சி என்ற பேச்சே அவர் வாயில் வராமல் போயிற்று. சொந்தக்காரன் எவனாவது தட்டைக் கட்டோடு தெருவில் வருவது தெரிந்தால் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். "அந்தப் பயலுகளுக்கு மாட்டுக்கும் மனுசனுக்கும் வித்தியாசம் தெரியாது மாப்ளே" என்பார் என்னிடம். நான் பஞ்சுக்கடையில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தவன். எனக்கு வித்தியாசம் தெரியும் என்று எதை வைத்து நினைத்தாரோ.

யுத்தம் முடிந்த மறுவருடம் அது. மழை பொய்த்துவிட்டது. மாட்டுக்குத் தட்டை கிடைக்கவில்லை, மனிதனுக்குச் சீனி ரேஷனில்தான். பங்களாவில் இருந்த வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா தை மாதத்தில் கண் ஆபரேஷனுக்காக மெட்ராஸுக்குக் கிளம்பினார். போகும்போது தான் வளர்த்த வெள்ளை முயலை இவர் கையில் ஒப்படைத்தார். அதற்கு டெய்சி என்று பெயர். மிஸ்ஸியம்மா பேசுவது வேதாகமத் தமிழ்.

"காய்ந்த புல்லே இதற்கு ஆகாரம். மற்றவை சொற்பமாய்க் கொடு. நான் வரும்போது இது சுகமாயிருந்தால், கோடையிலே கொடைக்கானல் பங்களாவுக்கு உன்னையே பட்லராய் அழைத்துப்போவேன்."

கொடைக்கானல்! மறுநாளே இவர் தையல்காரனிடம் போய்க் கம்பளிக் கோட்டுக்கு அளவு கொடுத்துவிட்டார். அது தைத்து வந்ததும் அருப்புக்கோட்டை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு, வியர்வை வழிய, தெருவில் மேலும் கீழுமாக நடந்தார். யாரும் கேட்காமலே நின்று, "மலையில குளிருமாம்ல" என்பார்.

புல் விஷயத்தில்தான் அவருடைய மூளை வேலை செய்தது. நம் பக்கத்தில் விருந்தாளி "கஞ்சி இருந்தாப் போதும்" என்பார், அதைக் கேட்டுக் கஞ்சியை ஊற்றுகிறவன் வீட்டில் அதற்குப் பிறகு யாரும் கை நனைக்க மாட்டார்கள். போதும் என்றால் இன்னும் ஒரு கரண்டி போட வேண்டும், வேண்டாம் என்றால் இலையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சவேண்டும். மிஸ்ஸியம்மா புல் என்று சொன்னதும் அந்தக் கணக்கில்தான் என்று இவர் முடிவு கட்டிவிட்டார்.

"பெரிய மனுசங்க வாயால அப்படித்தான் சொல்லுவாக. நாமதான் குறிப்பறிஞ்சு செய்யணும். அவுக முயலுக்குப் போயி மாட்டுத் தீனியப் போட்டா நம்மள என்ன நினைப்பாக?"

ஆகவே டெய்சிக்குப் பிஸ்கட்டு, பாலில் நனைத்த ரொட்டி, வாழைப்பழம், வறுத்த கடலை. ரேஷன் சீனி முழுவதும் ரொட்டியின் மேல் போயிற்று. என் அக்காள் ஞானப்பூ கருப்பட்டிக் காப்பியைக் குடித்துக்கொண்டு பார்த்திருந்தாள். கட்டிய பெண்டாட்டியை "ஏய்" என்று கூப்பிடுகிற மனிதர் அந்த முயலை "டேசியம்மா, சாப்பிடுங்க" என்று தாங்கினார். 

மாசி பிறந்தபோது முயலுக்கு வயிறு கெட்டது. புழுக்கை இளகிப்போய், பிறகு அதுவும் குறைந்து, கூண்டின் மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. ரொட்டியை நீட்டினால் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. இவர் அதைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினார். அங்கிருந்த டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"என்னய்யா கொடுக்கிறீர்?"

இவர் பெருமையாக ஒவ்வொன்றாகச் சொன்னார். டாக்டர் சிரிக்கவில்லை.

"காய்ஞ்ச புல்லு சாப்பிட்டாத்தான் இதுக்குக் குடல் ஓடும், பல்லு தேயும். உடனே புல்லுக்கு மாத்தும். இல்லேன்னா உங்க மிஸ்ஸியம்மா வந்து கல்லறையைத்தான் பார்ப்பாக."

கொடைக்கானல் கண்ணுக்கு முன்னால் சரிந்துகொண்டிருந்தது. இருட்டும்வரை காத்திருந்து, யார் வீட்டுத் தொழுவத்திலோ ஒரு பிடி சோளத்தட்டை வாங்கிவந்து போட்டார். டெய்சி அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. மெல்லிசான புல் வேண்டும். பாலவனத்தம் வரைக்கும் வரப்பெல்லாம் வெறும் மண்ணாகக் கிடந்த வருடத்தில் புல்லுக்கு எங்கே போவது?

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வேதக்கோயிலில் அறுப்பின் பண்டிகை. விளைந்ததில் முதல் பங்கை ஜனங்கள் கொண்டுவந்து படைப்பார்கள், ஆராதனை முடிந்ததும் வாசலில் வைத்து ஏலம் விடுவார்கள். நிலமில்லாத கிழவி எலிசபெத் வருடா வருடம் ஒரு கட்டுப் புல்தான் கொண்டுவருவாள். போன வருடம் இந்த ஏசுவடியான்தான் அவளை வாசலிலேயே மறித்து, "பீடம் என்ன மாட்டுத் தொழுவமா? வெளியில வையி" என்று விரட்டியவர். கிழவி கட்டை மதிலோரம் வைத்துவிட்டுப் போய்ப் பின்னால் உட்கார்ந்தாள். இந்த வருடமும் கொண்டுவந்திருந்தாள். எந்த ஓடைக்குள் அறுத்தாளோ, நிழலில் காயவைத்த மெல்லிசான கொழுக்கட்டைப் புல், பச்சை மங்காமல் வாசமாக இருந்தது. சொன்ன இடத்தில், மதிலோரத்திலேயே வைத்தாள்.

ஏலத்தில் பூசணிக்காய் போயிற்று, சேவல் போயிற்று, கம்பு போயிற்று. புல்லுக் கட்டைத் தூக்கியதும் வண்டிக்கார வெள்ளத்துரை விலை கேட்டார். அவர் மாடுகள் எலும்பும் தோலுமாக நின்றன. அடுத்த கேள்வி யாரிடமிருந்து வந்தது என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கம்பளிக் கோட்டு, சிவந்த முகம், ஏசுவடியான்.

வெள்ளத்துரை ஏற்றினார். இவரும் ஏற்றினார். கூட்டத்துக்கு ருசி தட்டிவிட்டது. சம்பந்தமே இல்லாதவர்கள் எல்லாம் இடையில் புகுந்து ஏற்றிவிட்டார்கள், அதில் நானும் ஒருவன். எனக்கு அதில் கொஞ்சமும் வருத்தமில்லை.

"பட்லரே, வீட்டுல மாடு கண்ணு ஏதும் கட்டியிருக்கீகளா?" என்று ஒரு குரல்.

"மாடு இல்லப்பா, தொழுவம் மட்டும் இருக்கு" என்றார் வெள்ளத்துரை.

பெண்கள் பக்கமும் சிரிப்பு. கடைசியில் வெள்ளாட்டுக் குட்டி போன விலைக்கும் மேலே போய், கட்டு இவருக்கு விழுந்தது. தூக்கிவிட ஒருவரும் வரவில்லை. குனிந்து, ஒரு சுழற்றில், சும்மாடுகூட இல்லாமல் தலையில் ஏற்றிக்கொண்டார். பழகிய கழுத்து. கோட்டோடு அவர் தெருவில் போனதை ஊரே பார்த்தது.

வீட்டில் வேறு கூத்து. டெய்சி புல்லைத் தொடவில்லை. சீனி ருசி கண்ட நாக்கு. ஓலைப்பெட்டியில் திணித்து வைத்தார், கொத்தமல்லித் தழையைக் கலந்தார், புல்லுக்குள் கடலையை ஒளித்து வைத்தார். அது கடலையைப் பொறுக்கித் தின்றுவிட்டுப் புல்லைக் காலால் தள்ளியது. இவரும் மனம் பொறுக்காமல் பிஸ்கட்டை எடுக்கப் போனார். அக்காள் பிஸ்கட் டப்பாவைப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"சாவியக் குடு, ஏய்!"

"புல்லைத் திங்கட்டும். எனக்கு வாராத சீனி அதுக்கும் வேண்டாம்" என்றாள். அவள் எதிர்த்துப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நன்றாக இருந்தது.

இவர் கூண்டைத் திறந்து, கைகளை ஊன்றித் தரையில் மண்டியிட்டார். "டேசியம்மா, ஒரு வாய். எம்பொழப்பே உங்க கையில இருக்கு" என்று அழாத குறையாகச் சொல்லி, ஒரு புல்லைத் தன் வாயில் வைத்து மென்று காட்டினார். முயல் பார்த்தது. மூக்கை ஆட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தது. வாய்க்கு வெளியே தொங்கிய முனையைப் பிடித்து இழுத்து, தானும் மென்றது. இவர் அடுத்த புல்லை எடுத்தார். அதுவும் அடுத்ததைத் தின்றது. இவர் நிறுத்தினால் அதுவும் நிறுத்தியது.

அன்று முதல் வேளா வேளைக்கு இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து மென்றார்கள். புழுக்கை காய்ந்து உருண்டையாக விழுந்தது. அதை உள்ளங்கையில் வைத்து எனக்குக் காட்டினார், அப்படி ஒரு சந்தோஷம். கட்டு தீர்ந்ததும் எலிசபெத்திடமே போய், அந்த ஓடை எங்கே என்று கெஞ்சிக் கேட்டு வந்தார்.

பங்குனியில் மிஸ்ஸியம்மா கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கினார். நேரே எங்கள் அக்காள் வீட்டுக்கே வந்துவிட்டார். வந்தபோது இவர் மண்டியிட்டிருந்தார், வாயில் புல். மிஸ்ஸியம்மா கிட்டே வந்து குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

"ஏசுவடியானே, நீ இல்லாமல் இது புசிக்காதோ?"

"புசிக்காது அம்மா! நான் கூட மென்னாத்தான் ஒரு வாய் இறங்கும்" என்று, அதுதான் தன் கிரீடம் என்று நினைத்துக்கொண்டு சொன்னார் இந்தப் புத்திசாலி.

"கொடைக்கானல் பங்களாவிலே நாய்கள் உண்டு. டெய்சியை அங்கே கொண்டுபோகக் கூடாது. ஆகையால் நீ இங்கேயே இதனோடு இரு. மலைக்குச் சின்னத்துரை வரட்டும்."

சின்னத்துரை பங்களாவில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தவன். சித்திரையில் அவன் கொடைக்கானல் போனான், பட்லராக.

அந்தக் கோடையில் ஒருநாள் போயிருந்தேன். கம்பளிக் கோட்டு கூண்டுக்குள் விரித்துக் கிடந்தது, டெய்சி அதன்மேல் நீட்டிப் படுத்திருந்தது. இவர் அப்போதுதான் வெயிலில் வந்து தலையிலிருந்த புல்லுக்கட்டை இறக்கியிருந்தார். மெலிந்த கட்டு. ஒரு புல்லை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"மாப்ளே, நம்ம பரளச்சிப் பக்கம் கொழுக்கட்டைப் புல்லு நல்லாருக்குமே. இப்ப கிடக்குதாமா?"

"எந்தப் பரளச்சி மச்சான்?" என்றேன்.

முயல் எழுந்துவந்து அவர் வாயிலிருந்த புல்லின் மறுமுனையைக் கடித்தது. அக்காள் ஒரு சட்டி நிறையத் தண்ணீர் கொண்டுவந்து இரண்டு பேருக்கும் நடுவில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.